நட்டால் போதுமா? – புன்னை மரம் குறித்துச் சில சிந்தனைகள்

நற்றிணையின் 172ஆம் பாடலைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். நெய்தல் நிலத்துச் சிறுமியர் புன்னை விதைகளை வைத்து மணலில் விளையாடுகின்றனர். ஒரு விதையை வெண்மணலுக்குள் அழுத்தி மறைத்துவிட்டு, அதை மறந்தும் போகின்றனர். மறந்த விதை முளைத்து எழுகிறது. கண்டு மகிழ்ந்த சிறுமியர் நெய் கலந்த பாலை ஊற்றி அதனை வளர்க்கின்றனர். இந்தப் புன்னை உங்களுக்குத் தங்கை முறை, அதுவும் உங்களினும் சிறந்தவள் என்கிறாள் தாய். ஆண்டுகள் செல்கின்றன. தலைவன் அம்மரத்தின் நிழலுக்கு வந்து தலைவியோடு பேசிச் சிரிக்க விழைகிறான். தங்கையின் முன்னிலையில் உன்னோடு சிரித்துப் பேச நாணுகிறோம், நிழல் தரும் மரங்கள் வேறும் உள்ளன என்று தோழி மறுத்துரைக்கிறாள்.

இப்பாடலைப் பற்றித் தேர்வில் வினாக் கேட்டால், மரத்தையும் உடன்பிறப்பாகக் கண்ட பண்டைத் தமிழரின் மாண்பு என்று மாணவர்கள் ஒருமுகமாக எழுதுவர். நானும் முழு மதிப்பெண் வழங்குவேன். விடையில் பிழையேதும் இல்லை. ஆனால், அந்த உறவு எவ்வாறு பிறந்தது என்ற வினாவை நான் மாணவரிடத்தும் கேட்டதில்லை; என்னிடத்தும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்க வைத்தது ஒரு புயல்.

புயல் கற்பித்த பாடம்

புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி வட்டத்தில், பாக் விரிகுடாவின் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்தது எங்கள் கட்டுமாவடி. மீன் சந்தையால் பெயர் பெற்ற ஊர். மாவடி என்றால் மாமரத்தடி. ஊர்ப்பெயரை உச்சரிக்கும்போதே ஒரு மரநிழல் காதில் விழுகிறது. எனினும் 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடிந்தபோது எங்கள் பகுதியில் நிழல் என்று சொல்லிக்கொள்ள அதிகம் எஞ்சியிருக்கவில்லை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுச் சென்றது. ஒரு தலைமுறை உழைத்து வளர்த்ததை ஓர் இரவு படுக்க வைத்தது.

எங்கள் வீட்டு வாயிலில் அத்தா வைத்த செம்மயிற்கொன்றை ஒன்று இருந்தது. மே பிளவர் என்றும் குல்மொகர் என்றும் மக்கள் அழைக்கும் மரம் அது. ஒவ்வொரு கோடையிலும் தீப்பற்றியது போல் சிவந்து நிற்கும். அன்று காலை அது வேரோடு பெயர்ந்து சுற்றுச்சுவரின் மேல் கிடந்தது. அவ்வளவு பெரிய மரத்தின் வேர்கள் ஆழம் இறங்காமல் ஒரு தட்டுப் போல் விரிந்திருந்ததை அன்றுதான் கண்டேன். சிறிது தொலைவில், கடலுக்கு இன்னும் நெருக்கமாக நின்ற பழைய புன்னை ஒன்று கிளைகள் சில முறிந்து, இலைகள் உதிர்ந்து, ஆயினும் நின்றுகொண்டிருந்தது. எந்த மரமும் புயலுக்கு முழுக் காப்புறுதி பெற்றதன்று. ஒரு மரம் விழுந்ததையும் ஒரு மரம் நின்றதையும் வைத்துச் சட்டம் வகுக்க நான் துணியேன். ஆயினும், நிற்கும் அந்த மரத்தை உற்று நோக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று உண்டாயிற்று.

கடற்கரைக்கென்றே அமைந்த அழகு

புன்னையை அழகு மரம் என்று இன்று நாற்றுப் பண்ணைக்குச் சென்று கேட்பவர் குறைவு. ஆனால் அதன் அறிவியற் பெயரே அழகில்தான் தொடங்குகிறது. கேலோஃபில்லம் இனோஃபில்லம் என்பது அப்பெயர். கேலோஃபில்லம் என்ற கிரேக்கச் சொற்சேர்க்கைக்கு ‘அழகிய இலை’ என்பது பொருள். எண்ணெய் பூசியது போல் மின்னும் கரும்பச்சை இலை. நடுநரம்பின் இருபுறமும் சீப்பின் பற்கள் போல் நெருங்கி ஓடும் நுண்ணரம்புகள். மலரோ வெண்ணிற இதழ்களுக்கு நடுவே பொன்னிறத் தாதுக்கொத்து, மெல்லிய நறுமணம். சங்கப் புலவர் இதனை முத்துக்கும் பொன்னுக்கும் ஒப்பிட்டது வெறும் உயர்வு நவிற்சியன்று என்பதை ஒரு பூங்கொத்தைக் கையில் ஏந்திப் பார்த்தவர் அறிவர். சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரையில் அமர்ந்தது புன்னையின் நிழலில்தான்.

இம்மரம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை கடலோரங்களில் வளர்வது. தாகித்தித் தீவினர் இதனைத் தமானு என்பர். ஹவாய் மக்கள் கமானி என்பர். சிங்களவர் தொம்ப என்பர். வடபுலத்தில் இதற்குச் சுல்தான் சம்பா என்றொரு கம்பீரமான பெயரும் உண்டு. இத்துணைக் கரைகளை இம்மரம் எப்படிச் சென்றடைந்தது? அதன் காயே அதற்கு ஓடம். உருண்டையான காயின் உள்ளே விதையைச் சுற்றித் தக்கை போன்ற ஓடு இருப்பதால் அது கடல் நீரில் மிதந்து செல்லும். வேறொரு கரையில் ஒதுங்கி முளைக்கும். உப்புக் காற்று, மணற்பாங்கான நிலம், உவர்ப்பேறிய நிலத்தடி நீர் ஆகிய மூன்றும் நம் கடலோரத்தில் பிற மரங்களுக்குத் துன்பம். புன்னைக்கோ அவை பிறந்தகம்.

பயனிலும் குறைவில்லை. விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் மின்விளக்கு வருவதற்கு முன் வீடுகளில் விளக்கெரித்தது. மூட்டு வலிக்கு அதனைத் தடவிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. மரத்தின் வைரம் படகு கட்டவும் பாய்மரம் செய்யவும் உதவியது. அதே எண்ணெய் இன்று தமானு எண்ணெய் என்ற பெயரில் மேல்நாட்டு அழகுப்பொருள் கடைகளில் சிறு புட்டிகளில் விற்கப்படுகிறது. நம் கொல்லையில் நின்றதை நாம் மறந்தோம்; பிறர் புட்டியில் அடைத்து விற்கும்போது வியக்கின்றோம்.

கொன்றையின் மேல் பழியில்லை

செம்மயிற்கொன்றையை வெட்டி எறிய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவிப் பல நாடுகளின் தெருக்களை அழகுபடுத்திய மரம். காற்றுக் குறைந்த உள்நாட்டில், கட்டடத்துக்கும் சாலைக்கும் விலகிய திறந்த வெளியில் அது நிற்பதில் தவறில்லை. வலுக்குறைந்த அதன் கிளைகளையும் மேலோடும் வேர்களையும் அறிந்திருந்தும், புயல் அடிக்கும் கரையில், பள்ளிக் கூரையின் மேல் கவியும்படி அதனை நட்டது நம் குற்றமேயன்றி மரத்தின் குற்றமன்று.

விரைவில் பூக்க வேண்டும், விரைவில் பசுமை தெரிய வேண்டும் என்ற அவசரமே இதற்குக் காரணம். இந்த அவசரத்தின் அண்மைக்கால விளைவு கோனோகார்ப்பஸ். கண்மூடித் திறப்பதற்குள் வளர்ந்து சுவர்போல் நிற்கிறது என்று ஊர்தோறும் அதனை நட்டார்கள். 2025ஆம் ஆண்டில் தமிழக அரசு அதனை நடுவதற்குத் தடை விதிக்கும் நிலை வந்தது. மண்ணையும் காற்றையும் கேளாமல் கண்ணை மட்டும் கேட்டு மரம் தேர்ந்தால் இதுவே முடிவாகும்.

நாட்காட்டியின் பிழை

எந்த மரம் என்பது முதல் வினா எனில், எப்போது நடுவது என்பது அடுத்த வினா. 1950ஆம் ஆண்டு, மத்திய உணவு வேளாண்மை அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி அவர்கள் வன மகோத்சவம் என்னும் மரம் நடு விழாவைத் தொடங்கி வைத்தார். ஜூலை முதல் வாரம் அதற்குரியது. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1972இல் ஜூன் 5ஆம் நாளை உலகச் சுற்றுச்சூழல் நாளாக அறிவித்தது. இவ்விரண்டு நாள்களையும் நம் கல்வி நிலையங்கள் தவறாது கொண்டாடுகின்றன. பாராட்டத்தக்கதே. ஆனால், ஜூன் ஜூலை மாதங்கள் வட இந்தியாவுக்கும் கேரளத்துக்கும் மழைக்காலம். நம் கீழைக் கடற்கரைக்கோ வெயிற்காலம். எங்கள் பகுதிக்கு உயிர் தரும் மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. ஜூனில் நட்ட கன்று நிலத்தை அறிமுகம் செய்துகொள்வதற்குள் நான்கு மாத வெயிலைத் தாங்க வேண்டும்.

இதை நான் நூலில் படித்து அறிந்தேனல்லேன். புயலுக்கு அடுத்த ஆண்டு, 2019 ஜூன் மாதத்தில் புன்னைக் கன்று ஒன்றை வாங்கி வந்து, செம்மயிற்கொன்றை நின்ற இடத்தருகே நட்டேன். நண்பர்கள் சூழ நின்று நிழற்படமும் எடுத்துக்கொண்டோம். அவ்வழியே வந்த மீனவப் பெரியவர் ஒருவர், “தம்பி, நட்டாச்சு சரி. ரெண்டு கோடைக்குத் தண்ணி ஊத்துறது யாரு?” என்று கேட்டுவிட்டு நடந்தார். நான் சிரித்துக்கொண்டேன். கல்லூரி திறந்தது, வகுப்புகள், விடைத்தாள்கள், கூட்டங்கள். ஆகஸ்டில் ஒரு நாள் நினைவு வந்து பார்த்தபோது கன்று விறகுக் குச்சியாக நின்றது. பிடுங்கிப் பார்த்தேன். கன்று வந்த பாலித்தீன் பையை நான் முழுதும் நீக்காமலே குழிக்குள் வைத்திருந்தது தெரிந்தது. வேர் வெளியே வர வழியின்றிப் பைக்குள்ளேயே சுருண்டு மடிந்திருந்தது. ஆய்வேடு எழுதத் தெரிந்த எனக்கு ஒரு கன்றை நடத் தெரிந்திருக்கவில்லை.

வளர்க்கும் முறை

அவ்வாண்டு அக்டோபரில், முதல் மழை மண்ணில் இறங்கிய பின், இரண்டாம் கன்றை நட்டேன். அந்தப் பெரியவரிடமும் தோட்டக்கலை அறிந்த நண்பர்களிடமும் கேட்டும், பட்டும் அறிந்தவற்றை மாணவர் பொருட்டுச் சுருங்கச் சொல்கிறேன்.

விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர் முதிர்ந்து விழுந்த காயின் ஓட்டை மெல்ல உடைத்துப் பருப்பு சிதையாமல் எடுத்து விதைக்கலாம். மூன்று வாரங்களில் முளைக்கக் காணலாம். ஓட்டோடு விதைத்தால் எட்டு வாரங்கள் வரை பொறுத்திருக்க வேண்டும். விதை பழையதாகாமல் விரைவில் விதைப்பது நன்று. பருப்பு உண்ணத்தக்கதன்று என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் இரண்டடி இருக்கட்டும். தோண்டிய மண்ணோடு செம்மண்ணும் நன்கு மக்கிய எருவும் கலந்து நிரப்ப வேண்டும். பச்சைச் சாணம் கூடாது. அது வேரைச் சுட்டுவிடும். பையை முழுவதும் கிழித்து நீக்கிய பின்னரே கன்றை வைக்க வேண்டும். புன்னை அகன்று கவியும் மரம். சுவரிலிருந்து இருபதடியாவது தள்ளியும், மின்கம்பிக்கு விலகியும் இடம் தேர்வது அறிவுடைமை.

முதல் மழைக்காலம் தானே பார்த்துக்கொள்ளும். தை பிறந்ததும் நம் வேலை தொடங்குகிறது. மணல் நிலத்தில் ஊற்றிய நீர் நிற்காது. ஆதலின் கன்றைச் சுற்றிக் காய்ந்த இலைச்சருகும் தேங்காய் மட்டையும் பரப்பி ஈரத்தைக் காக்க வேண்டும். நாள்தோறும் ஒரு குவளை தெளிப்பதைவிட, வாரம் இருமுறை மாலையில் ஒரு குடம் நிதானமாக ஊற்றுவது மேல். மேலே நனைத்தால் வேர் மேலேயே நின்றுவிடும். ஆழ நனைத்தால் வேர் நீரைத் தேடிக் கீழே செல்லும். இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை, மூன்றாம் கோடையில் வாடும்போது மட்டும் என்று குறைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின் அது நம்மை எதிர்பாராது.

வெயிலினும் கொடிய பகை ஆடு. முள்வேலி இன்றி எங்கள் தெருவில் ஒரு கன்றும் பிழைத்ததில்லை. சீமைக் கருவேல முள்ளை வெட்டி வட்டமாக நட்டுக் கட்டினால் செலவின்றி வேலி ஆயிற்று. முதல் சில ஆண்டுகளில் கிளைகளை வெட்டாமல் விட வேண்டும். புன்னை மெல்ல வளரும் இயல்புடையது. அதனை அவசரப்படுத்த உரம் கொட்டுவதில் பயனில்லை.

ஏன் பூ மரம்?

நம் பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு: வைப்பதுதான் வைக்கிறீர்கள், நான்கு காசு வரும் தென்னையை வைக்கக் கூடாதா? பூ எதற்கு? இவ்வினாவில் நியாயம் உண்டு. புயலில் தோப்பை இழந்த குடும்பத்திடம் சென்று அழகு மரம் வையுங்கள் என்று உபதேசிப்பது பொருந்தாது. தோப்பு தோப்பாகட்டும். நான் பேசுவது எவர் தோப்பிலும் சேராத பொது இடங்களைப் பற்றி: கல்லூரி வளாகம், பள்ளி முற்றம், பள்ளிவாசல் வெளி, மையவாடியின் ஓரம், மீன் ஏலத்துக்காகப் பெண்கள் கூடையோடு வெயிலில் காத்து நிற்கும் இடம். அங்கெல்லாம் காயை விற்பதற்கு உரியவர் எவரும் இல்லை. நிழலுக்கு ஏங்குபவர் அனைவரும் உளர்.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அப்போதனையில் பறவைக்கும் விலங்குக்கும் இடம் இருப்பதை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. புன்னைப் பூவின் மகரந்தத்தைத் தேனீ கொள்கிறது. காயின் மேற்சதையை வௌவால் உண்கிறது. நமக்கு ஒரு ரூபாயும் தராத மரம் எவருக்கும் ஒன்றும் தரவில்லை என்று எப்படிச் சொல்வது?

மூன்று கோடைகளும் மூன்று கல்வியாண்டுகளும்

2022ஆம் ஆண்டு தமிழக அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவது அதன் நோக்கம். அரசு கன்று தரலாம். குழியும் தோண்டித் தரலாம். தண்ணீர் ஊற்றும் கையை எந்த அரசாணையும் தர இயலாது. அது உள்ளூரில்தான் கிடைக்க வேண்டும். கல்வி நிலையங்களின் ஆண்டறிக்கைகளில், இவ்வாண்டு நூறு கன்றுகள் நடப்பட்டன என்ற வரியைப் படிக்கிறோம். மூன்றாண்டுகளுக்கு முன் நட்ட நூறில் இன்று உயிரோடு இருப்பவை எத்தனை என்ற வரியை நான் கண்டதில்லை. ஆண்டுதோறும் அதே குழியில் புதுக்கன்று நடும் விந்தையையும் கண்டிருக்கிறேன். கேட்டால், சென்ற ஆண்டுக் குழி இருப்பதால் வேலை எளிது என்பர்.

ஆதலின் என் கருத்தைத் திறந்து கூறுகிறேன். நடுவிழாக்களைக் குறைப்போம், வளர்ப்பவரைப் பெருக்குவோம். இளங்கலைப் படிப்பு மூன்றாண்டு. ஒரு புன்னை தன் காலில் நிற்கவும் மூன்று கோடைகள் வேண்டும். இந்தப் பொருத்தத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளலாகாதா? முதலாண்டு மாணவர் நால்வருக்கு ஒரு கன்று என்று அக்டோபரில் ஒப்படைப்போம். நாற்பது பேர் கொண்ட வகுப்புக்குப் பத்து மரம் போதும், நூறு வேண்டா. அவர்கள் பட்டம் பெற்றுச் செல்லும் ஆண்டில் எத்தனை மரம் நிற்கிறது என்பதை ஆண்டறிக்கையில் எழுதுவோம். பத்தில் ஆறு நின்றால் ஆறு என்றே எழுதுவோம், வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. விடுமுறைக் காலத்துக்கு மட்டும் காவலரையோ உள்ளூர் மாணவரையோ பொறுப்பாக்க வேண்டும். ஏனெனில் நம் விடுமுறையும் கன்றின் கொடுங்கோடையும் ஒன்றாக வருகின்றன.

தண்ணீருக்கு எங்கே போவது என்ற கவலை வேண்டா. ஐவேளைத் தொழுகைக்கு ஒளு செய்யும் நீர் பல பள்ளிவாசல்களில் சாக்கடையில் சென்று கலக்கிறது. சோப்புக் கலவாத தூய நீர் அது. ஒரு சிறு வாய்க்கால் வெட்டி மரத்தடிக்குத் திருப்பினால், ஊற்றுவார் இன்றியே நாளைக்கு ஐந்து முறை மரம் நனையும். நம் சமுதாயப் பெரியவர்கள் மனம் வைத்தால் ஒரு நாள் வேலை இது.

மீண்டும் அந்தப் பாடல்

இரண்டாம் கன்றை நான் தனியாக வளர்க்கவில்லை. அப்போது நான்காம் வகுப்பில் படித்த என் மகள், அரிசி களைந்த நீரை அடுக்களையிலிருந்து ஏந்தி வந்து ஊற்றுவாள். முதல் கோடையில் இலைகள் கருகியபோது தென்னங்கீற்றால் நிழல் கட்டச் சொல்லி என்னை விடவில்லை. இன்று அம்மரம் தாழ்வாரத்தின் கூரையைத் தொட்டு நிற்கிறது. இன்னும் பூக்கவில்லை. யாரேனும் துணி காயப்போட அதில் கயிறு கட்டினால் என் மகள் சண்டைக்கு வருகிறாள். வண்டியைச் சாய்த்து வைத்தாலும் பொறுப்பதில்லை. அவள் நற்றிணையைப் படித்தவளல்லள்.

அவளைக் கண்ட பின்னரே அப்பாடலில் நான் இத்தனை ஆண்டு கவனியாத ஒன்று புலப்பட்டது. அச்சிறுமியர் புன்னையை நடவில்லை. விளையாட்டாக மணலில் அழுத்தினர், மறந்தனர். நட்டது தற்செயல். பால் ஊற்றியது தற்செயலன்று. வளர்த்த பின்னரே தாய் அதனைத் தங்கை என்றாள். தங்கையான பின்னரே நாணம் வந்தது. உறவு விதையில் பிறக்கவில்லை. ஊற்றிய கையில் பிறந்தது.

மாணவச் செல்வங்களே! வருகிற ஐப்பசியில் உங்களுள் நால்வர் ஒரு கன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். நிழற்படம் வேண்டுமாயின் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்றாம் கோடை முடிந்த பின் எடுங்கள். அப்போது அப்படத்தில் நீங்கள் நிற்பதற்கு நிழலும் இருக்கும்.